கிழக்கே பார்த்த பாறை

போன வருசம் ஓகஸ்ட் கடைசியில் வடஇலங்கையின் வன்னியில், நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு பாறையைப் படம் பிடிக்க மூன்று நாள் செலவானது. எடுத்தது அறுநூற்றுச் சொச்சம் படங்கள், அச்சுக்குப் போனது ஒன்று. முதல் நாள் ஏன் முழுக்கப் பிழையாய்ப் போனது, மூன்றாம் நாள் ஏன் சரிவந்தது என்று அப்போதே கொப்பியில் குறித்துவைத்திருந்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பயணம் போகும் இடத்தில் பாறை, மலை, கடற்கரை மேடு என்று படம் எடுக்கிறவர்களுக்கு உதவலாம்.

நான் வவுனியாவில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். பாறை என் தொழில் அல்ல. பொம்பிளை மாப்பிள்ளையை வெளிச்சத்துக்குத் திருப்பி நிற்கச் சொல்லிப் பழகியவனுக்குத் திரும்பாத ஒன்றைப் படம் எடுக்க வராது என்பது முதல் நாளே தெரிந்துபோனது.

வேலையைக் கொண்டுவந்தது மச்சான். அவன் ரொறன்ரோவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். கடையின் நீளச் சுவருக்கு ஆறடியில் ஒரு படம் வேண்டும். அவனுடைய அம்மா, அதாவது என் மாமி, பிறந்து வளர்ந்தது நெடுங்கேணிப் பக்கம். "பனை, குளம், பொழுதுபடுகிற கடல் எல்லாம் எல்லாக் கடையிலும் தொங்குது மச்சான். எனக்கு எங்கட காட்டுக் கல்லு வேணும்" என்றான். அவன் அமெரிக்காவின் யூட்டாவுக்குச் சுற்றுலா போய் வந்தவன். செம்மணற்கல் வளைவுகளையும் தூண்களையும் போன் நிறைய எடுத்து வைத்திருந்தான். அதே மாதிரி நெஞ்சில் அறைகிற படம் வேண்டும் என்றான். பிழை அங்கேயே தொடங்கிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

எந்தப் பாறை

வன்னியின் கல் யூட்டாவின் கல் இல்லை. அங்கே படிந்து இறுகிய மணல். இங்கே இருப்பது ஆழத்தில் வெந்து நெரிந்து, மேலே இருந்தது எல்லாம் அரித்துப்போன பிறகு தலை காட்டும் நைஸ் பாறை. இலங்கையின் அடிப்பாறையை நிலவியலாளர்கள் பிரிக்கும்போது ஒரு பெரிய பகுதிக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 55 கோடி வருசத்துக்கு முன், கொண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கல் அது. கிட்டப் போய்ப் பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக இருக்கும். வெள்ளை வரி குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும், கறுப்பு வரி கறுப்பு மைக்காவும் ஹோர்ன்பிளெண்டும். மேற்பரப்பு வெங்காயத் தோல் மாதிரி உரியும். அதனால் கூர்முனையோ தூணோ வளைவோ கிடைக்காது. திமிங்கலம் முதுகு காட்டின மாதிரி உருண்டுதான் கிடக்கும். உயரமும் பெரிதில்லை. இப்படிப்பட்ட கல்லில் படத்துக்கு என்று இருப்பது வளைவும் வரியும் மட்டும். இரண்டையும் காட்டுவது நிழல்தான்.

பெயர் பெற்ற மலைகளை முதலிலேயே விலக்கிவிட்டோம். ஒலுமடு வெடுக்குநாறி மலைக்குப் போகவேண்டும் என்று மச்சானுக்கு ஆசை. ஆனால் 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைக்கப்பட்டு, 2024 சிவராத்திரி இரவில் எட்டுப் பேர் கைதான இடம் அது. தண்ணிமுறிப்புப் பக்கத்துக் குருந்தூர்மலையும் நீதிமன்றப் படி ஏறிய இடந்தான். அங்கே கமெராவைத் தூக்கினால் வருவது சாட்சியம். சாப்பாட்டுக்கடைச் சுவரில் மாட்டுகிற பொருள் இல்லை. வெடுக்குநாறியில் ஆதிலிங்கேஸ்வரரைக் கும்பிடப் போவதென்றால் கும்பிடப் போகலாம், ட்ரைபொட் வேண்டாம் என்றேன். ஒத்துக்கொண்டான்.

அதனால் மாமிக்குத் தெரிந்த, பெயரில்லாத ஒரு பாறை. சனம் 'பெரிய கல்லு' என்று மட்டும் சொல்லும். கீழே வயல், பின்னால் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு. நீளம் எண்பது மீற்றர் வரும், உயரம் பதினைந்து. உச்சியில் ஒரு சுனை. கோடையிலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும்.

முதல் நாள்

பின்னேரம் நாலேமுக்காலுக்குப் பாறையடியில் நின்றோம். ஏன் அந்த நேரம்? படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிற எவரும் சொல்வது அதைத்தானே. விடிந்து ஒரு மணித்தியாலம், பொழுதுபட முன் ஒரு மணித்தியாலம், அதுதான் பொன் நேரம்.

பாறையின் செங்குத்தான முகம் கிழக்கே பார்த்திருந்தது. வயல் கிழக்கே, காடு மேற்கே. நாங்கள் வயலுக்குள் நின்று மேற்கே பார்த்து எடுத்தோம். ஐந்து மணிக்குச் சூரியன் பாறையின் தலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் முன்னால் நின்றது ஒரு கறுப்பு மேடு, அதன் மேல் கண் கூசுகிற வெள்ளை வானம். பாறைக்கு எக்ஸ்போசர், அதாவது கமெரா வாங்கும் வெளிச்ச அளவு, வைத்தால் வானம் வெளிறிப் போகும். வானத்துக்கு வைத்தால் பாறை கரிச்சட்டி.

சரி, மூன்று எக்ஸ்போசரில் எடுத்துக் கணினியில் சேர்ப்போம் என்று இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) கூட்டியும் குறைத்தும் எடுத்தோம். அன்றிரவு வீட்டில் சேர்த்துப் பார்த்தேன். பாறை தெரிந்தது, வானமும் தெரிந்தது, ஆனால் படம் இல்லை. சாம்பல் பூசின மாதிரி, குண்டும் குழியும் ஒன்றாக, தட்டையாக இருந்தது. கமெராவைக் குறை சொல்ல முடியாது. என் நிக்கான் டி750 நிழலுக்குள் இருப்பதை நன்றாகவே மீட்டுத்தரும். ஆனால் நிழலில் நின்ற பாறைக்கு வானம் முழுவதிலிருந்தும் ஒரே அளவில் வெளிச்சம் விழுந்திருக்கிறது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசமே இல்லை. இருட்டை வெளிச்சமாக்கக் கணினியால் முடியும். வெளிச்சத்துக்கு ஒரு திசை கொடுக்க அதால் முடியாது.

இரண்டாவது பிழை லென்ஸ். மச்சான் தன் 16 மில்லிமீற்றர் வைட் லென்ஸைக் கொண்டுவந்திருந்தான். பெரிய இடத்துக்குப் பெரிய லென்ஸ் என்பது அவனுடைய கணக்கு. வைட் லென்ஸ் காலடியில் கிடப்பதைப் பெருப்பித்துத் தூரத்தில் இருப்பதைச் சிறுப்பிக்கும். ஆயிரம் மீற்றர் மலைக்கு அது பரவாயில்லை. பதினைந்து மீற்றர் கல்லு அதில் சோத்துப்பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி வந்தது. கிட்டப் போய் லென்ஸை மேலே நிமிர்த்தினால் பாறை பின்பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது.

இதற்கிடையில் மாடுகளோடு ஒரு ஐயா வந்தார். ஒன்பது மாடு. எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னத்தை எடுக்கிறியள் தம்பியவை?" என்றார். பாறை என்றோம். பாறையைத் திரும்பிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அளவு தெரிய ஒரு ஆள் பாறையடியில் நின்றால் நல்லது என்று மச்சான் மெல்லக் கேட்டான். "என்னை எடுக்காதையுங்கோ" என்றார் உடனே. 2009-க்குப் பிறகு இந்தப் பக்கத்துச் சனத்தை எத்தனை கமெரா பார்த்துவிட்டது. நிவாரணத்துக்கு ஒரு படம், பதிவுக்கு ஒரு படம், வீட்டுத்திட்டத்துக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம். நான் ஏன் என்று கேட்கவில்லை. மாட்டை எடுக்கலாமா என்றேன். "மாட்டை எடுங்கோ. அதுக்கென்ன."

ஆறு மணிக்கு அவரே திரும்பி வந்து எங்களைக் கிளப்பினார். "ஆனை இறங்கப்போகுது, வெளிக்கிடுங்கோ." பாறைக்கு அந்தப் பக்கம் குளம். கோடையில் தண்ணீர் இருக்கிற இடத்துக்குத்தானே யானை வரும். பொழுதுபட்ட பிறகு வானம் நீலமாகிற நேரத்தில் எடுப்போம் என்றிருந்த மச்சானின் திட்டம் அத்தோடு முடிந்தது. அவன் ட்ரோனும் கொண்டுவந்திருந்தான். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது என்பதால் அது பெட்டிக்குள்ளேயே கிடந்து ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போனது.

இன்னொரு விசயத்தையும் சொல்லவேண்டும். வன்னியில் நல்ல கோணம் தேடிப் பற்றைக்குள் இறங்கக் கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கிற இடத்தில் மட்டுமல்ல, மாட்டுத்தடம் இல்லாத எந்த இடத்திலும் நான் கால் வைப்பதில்லை. பாலைப்பழக் காலத்தில் என்றால் கரடியும் உண்டு, பாறை இடுக்குகளில் படுத்திருக்கும். இங்கே கமெராக்காரன் எங்கே நிற்கலாம் என்பதை அழகு மட்டும் தீர்மானிப்பதில்லை.

அரிப்பு

மறுநாள் பாறைக்குப் போகவில்லை. மச்சானுக்கு மடு மாதா கோயிலில் ஒரு நேர்த்தி இருந்தது. திருவிழா முடிந்து இரண்டு கிழமை, சனம் குறைந்திருக்கும். பறையனாலங்குளம், மடு றோட் வழியாகப் போய்க் கும்பிட்டுவிட்டு, பொழுதுபடும்போது மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரின் கடற்கரையில் நிற்பது என்று திட்டம் போட்டோம். அங்கே கரையோர மேட்டில் அல்லிராணிக் கோட்டை என்று சனம் சொல்கிற இடிபாடு நிற்கிறது. உண்மையில் அது கோட்டையும் இல்லை, அல்லிராணியும் கட்டவில்லை. பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரெட்ரிக் நோர்த், முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்யும்போது தங்குவதற்கென்று 1800-களின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை. இப்போது மேட்டைக் கடல் அரிக்க அரிக்கக் கட்டடமும் துண்டு துண்டாகக் கீழே போய்க்கொண்டிருக்கிறது. நைஸ் பாறை இந்தக் கரையில் இல்லை. இங்கே சுண்ணாம்புக்கல்லும் அதன் மேல் மண்ணுந்தான்.

கோயிலில் நினைத்ததைவிடச் சீக்கிரம் அலுவல் முடிந்தது. முருங்கனில் சாப்பிடலாம் என்றால் மச்சானுக்குப் பசிக்கவில்லை. நேரே விட்டோம். அரிப்பில் இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். உச்சி வெயில். படம் எடுக்க வாழ்நாளில் யாரும் பரிந்துரைக்காத நேரம்.

அதுவும் சாதாரண உச்சி வெயில் இல்லை. வன்னி கிடப்பது வட அகலக்கோடு 9 பாகையை ஒட்டி. வருசத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும், சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். நாங்கள் நின்றது அந்தக் கிழமை. என் நிழல் என் செருப்பைத் தாண்டவில்லை.

கடற்கரைக்கு இறங்கித் திரும்பி மேட்டைப் பார்த்தேன். பார்த்தபடியே நின்றுவிட்டேன். மண் மேட்டின் ஒவ்வொரு வெடிப்பும், மழைத்தண்ணி ஓடின ஒவ்வொரு கோடும், மேலே நிற்கிற சுவரில் சாந்து கழன்ற ஒவ்வொரு செங்கல்லின் விளிம்பும் கத்தியால் கீறினதுபோல் தெரிந்தது. ஒரு செங்கல் அரை அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. அதன் நிழல் கீழே மூன்று அங்குல நீளத்துக்கு விழுந்திருந்தது.

மேடு மேற்கே பார்க்கிறது, செங்குத்தாக. காலையில் முழுக்க நிழல். சூரியன் உச்சியைத் தாண்டியதும் வெளிச்சம் அந்த முகத்தை மேலிருந்து கீழாக உரசத் தொடங்கும். ஒரு மணிக்கு வெய்யிலுக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் பதின்மூன்று பாகை அளவுதான் இருக்கும். மேசையில் கிடக்கிற துணியின் சுருக்கத்தைப் பார்க்க டோர்ச்சைப் பக்கத்தில் சரித்துப் பிடிப்போமே, அதே வேலை. கிடையான நிலத்தைக் கொல்கிற உச்சி வெயில், செங்குத்தான முகத்துக்கு உயிர் கொடுத்தது. முக்கால் மணித்தியாலம் எடுத்தோம், அதற்குப் பிறகு வெளிச்சம் முகத்துக்கு நேரே வரத் தொடங்கி வெடிப்புகளின் நிழல் குறுகியது.

திட்டப்படி பொழுதுபடும்வரையும் இருந்தோம். ஆறு மணிக்கு மேடு முழுக்கச் செம்பொன். மச்சான் துள்ளினான். ஆனால் சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால், மேட்டுக்கு நேர் எதிரே. நிறம் இருந்தது, உருவம் போய்விட்டது. ஒரு மணிப் படத்தையும் ஆறு மணிப் படத்தையும் போனில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "மத்தியானம் எடுத்ததுதான்டா கல்லு" என்றான். உண்மையில் அது மண், பரவாயில்லை.

கல்வெட்டுப் படிக்கிறவர்களுக்கு இது பழைய செய்தி. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் பழைய பிராமிக் கல்வெட்டுகள் உண்டு, அவற்றில் ஒன்று விசாகன் என்ற தமிழ் வணிகனைச் சொல்கிறது. தேய்ந்த எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியாது. பக்கத்திலிருந்து சரிந்த வெளிச்சம் பட்டால்தான் எழும். சுற்றுலா வருகிறவர்கள் எழுத்து தெரியவேண்டும் என்று சோக்கட்டியால் தேய்க்கிறார்கள், தண்ணி ஊற்றுகிறார்கள். கல்லையும் கெடுத்து, சட்டத்திலும் மாட்டிக்கொள்கிற வேலை. ஒரு டோர்ச்சும் இருட்டும் போதும்.

1927 ஏப்ரலில் அமெரிக்கப் படப்பிடிப்பாளர் அன்சல் அடம்ஸ் யொசெமிற்றியில் ஹாஃப் டோம் பாறையை எடுத்த கதையும் எனக்கு அன்று வேறு மாதிரி விளங்கியது. அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சிவப்பு ஃபில்டரைத்தான் சொல்வார்கள். மஞ்சள் ஃபில்டரில் எடுத்துவிட்டு, அது போதாதென்று கடைசிக் கண்ணாடித் தகட்டில் சிவப்பு ஃபில்டர் போட்டு வானத்தைக் கறுப்பாக்கினார் என்று. ஆனால் அதற்கு முன் அவர் செய்த வேலை ஒன்று இருக்கிறது. மேலே ஏறிப் போனபோது பாறையின் முகம் நிழலில் இருந்தது. மத்தியானம் தாண்டி வெய்யில் அந்த முகத்தில் சாய்ந்து உரசும்வரை காத்திருந்தார். ஃபில்டர் அதற்குப் பிறகு வந்ததுதான்.

வவுனியாவுக்குத் திரும்பும் வழியில் பேச்சு முழுக்கப் பெரிய கல்லைப் பற்றித்தான். பாறை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முதல் நாள் நாங்கள் கேட்கவே இல்லை. எத்தனை மணி என்று மட்டும் கேட்டிருக்கிறோம். கலியாண வீட்டில் இந்தக் கேள்வி எனக்கு வருவதில்லை. ஆளைத் திருப்பிவிடலாமே. பாறை அறுபது கோடி வருசமாகத் திரும்பாத மாப்பிள்ளை என்று மச்சான் சொன்னான். ஐந்து கோடி கூட்டிச் சொல்லிவிட்டான், நான் திருத்தவில்லை.

மூன்றாம் நாள்

காலமை போவது என்று முடிவு. ஆனால் அதையும் யோசிக்காமல் செய்யக் கூடாது. கிழக்கு முகத்துக்கு முன்னால் நேரே போய் நின்றால் விடியற்காலையில் சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால். அரிப்பின் ஆறு மணிப் படம் மாதிரியே சிவந்து தட்டையாகும். அதனால் பாறைக்கு முன்னால் நிற்பதை விட்டு அதன் தெற்கு அந்தத்துக்குப் போய், முகத்தின் நீளத்தைப் பார்த்து வடக்கே எடுக்கவேண்டும். அப்போது சூரியன் வலது பக்கத்தில், பார்வைக் கோட்டுக்கு ஏறத்தாழ செங்கோணத்தில். போனில் திசைகாட்டியைப் போட்டுப் பார்த்தோம். ஓகஸ்ட் கடைசியில் இங்கே சூரியன் உதிப்பது நேர்க்கிழக்கிலிருந்து பத்துப் பாகை வடக்கே தள்ளி. சரியாகவே வந்தது. மார்கழியில் என்றால் அது தெற்கே இருபத்துநாலு பாகை வரை போயிருக்கும், நிற்கும் இடமும் மாறியிருக்கும்.

எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதிலும் மச்சானுக்குப் பிழையான கணக்கு. ரொறன்ரோவில் கோடையில் சூரியன் சரிந்து சரிந்துதான் ஏறும், இறங்கும். ஜூன் மாதத்தில் அடிவானத்திலிருந்து பத்துப் பாகை ஏற அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். இங்கே நெட்டுக்குத்தாக ஏறும். அதே பத்துப் பாகைக்கு நாற்பது நிமிடம். பொன் நேரம் என்று அங்கே எழுதி வைத்ததை இங்கே கொண்டுவந்தால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும்.

அதிலும் ஒரு பகுதியை யானை எடுத்துக்கொண்டது. ஆறரைக்கு முன் வரவேண்டாம் என்று ஐயா சொல்லியிருந்தார். ஆறே முக்காலுக்கு வயல் வரம்பில் ட்ரைபொட்டை நட்டோம். சிறுபோகம் வெட்டி முடிந்த வயல், தாள் மட்டும் நின்றது. பாறை நூற்றிருபது மீற்றர் தள்ளி. வைட் லென்ஸைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு என் 70-200 மில்லிமீற்றர் நீள லென்ஸைப் போட்டு 135-ல் வைத்தேன். தூரத்தில் நின்று நீள லென்ஸால் பார்த்தபோதுதான் பாறை பின்னுக்குச் சாயாமல் நிமிர்ந்து எழுந்து நின்றது. கிட்ட நின்று பார்த்ததில் கிடைக்காத உயரம் தள்ளி நின்றதில் கிடைத்தது.

பாறையிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. வலப்பக்கத்திலிருந்து வந்த வெய்யில் வளைவில் ஏறி, ஒவ்வொரு உரிந்த தோலின் விளிம்பிலும் ஒரு வெளிச்சக் கோடு, அதன் பின்னால் ஒரு நிழல். சுனையிலிருந்து மாரியில் வழிகிற தண்ணி காலகாலமாகப் போட்ட கறுப்புத் தாரை ஏழோ எட்டோ இருந்தது. முதல் நாள் அவை எங்கள் கண்ணில் படவே இல்லை. பாறைப்பாசி மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது. வரிகள் சாய்ந்து சாய்ந்து ஒரே பக்கமாக ஓடின.

ஆறடிச் சுவருக்கு ஒரு படம் போதாது. டி750 தருவது 6016-க்கு 4016 புள்ளி. அதை ஆறடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 83 புள்ளிதான் வரும். சாப்பிடுகிறவன் சுவருக்கு முழங்கை தூரத்தில் இருப்பான், பல்லுப்பல்லாய்த் தெரியும். அதனால் கமெராவை நெடுக்காகத் திருப்பி வைத்து, இடமிருந்து வலமாக ஆறு படம், ஒன்றன்மேல் ஒன்று முப்பது வீதம் ஏறும்படி. சேர்த்தால் பதினெட்டாயிரம் புள்ளி அகலம். ஆறடி நீளம், இரண்டடி உயரத்துக்கு அங்குலத்துக்கு 250 வரும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நூறில் ஒரு செக்கன். எல்லாம் மனுவலில் பூட்டி, ஃபோகஸையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டித்தான்.

முதல் தொடர் பழுதாகிவிட்டது. மச்சான் ஆசையாகத் தந்த போலரைசரை, வானத்தைக் கறுப்பாக்குகிற ஃபில்டரை, லென்ஸிலிருந்து கழற்ற மறந்துவிட்டேன். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கிற வானத்தைத்தான் அது மிகக் கறுப்பாக்கும். கமெரா திரும்பத் திரும்ப வானத்தின் நீலம் மாறிக்கொண்டே போகும். சேர்த்துப் பார்த்தால் வானத்தில் ஒரு கறை, மை கொட்டினது போல. ஒற்றைப் படத்துக்கு அது நல்ல சாமான், தொடர்ப் படத்துக்குக் கூடாது. கழற்றிவிட்டு இரண்டாவது தொடர்.

மாடுகள் அப்போது தாளில் மேய வந்திருந்தன. ஐயா வேண்டாம் என்றது எங்களுக்கு நல்லதாய்ப் போனது. ஒரு மனுசன் நின்றிருந்தால் பார்க்கிறவன் கண் முதலில் அவனிடம்தான் போயிருக்கும். மாடுகள் அளவை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டன. மூன்றாவது படம் எடுத்து முடிய ஒரு முகில் சூரியனை மறைத்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தேன். விலகியதும் நாலு, ஐந்து, ஆறு. பின்திரையில் ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம்வரை காட்டுகிற வரைபடம், பார்த்தேன், இரண்டு பக்கமும் முட்டவில்லை. ஏழரைக்கு வெளிச்சம் கடுமையாகி நிழல் கறுத்தது. பெட்டியைக் கட்டினோம்.

அச்சு

சேர்ப்பதற்கு ஒரு பின்னேரம் போனது. வானத்தின் நீலத்தைக் கொஞ்சம் இறக்கினேன், தாரைகளைக் கொஞ்சம் கறுப்பாக்கினேன், அவ்வளவுதான். முதல் நாள் படத்தை இழுத்து இழுத்து மூன்று மணித்தியாலம் மாரடித்ததை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. மச்சான் கோப்பை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே அச்சடித்து, சட்டம் போட்டு மாட்டிவிட்டான். மாமி கடைக்குப் போனவுடன் சுனை எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாராம். அது சரியான பக்கம்.

ஐயாவுக்கு ஒரு சிறிய பிரதி, இரண்டடியில் அடித்து லமினேற் பண்ணிக் கொண்டுபோனேன். திண்ணையில் வைத்து, கண்ணாடி போட்டு, நெடுநேரம் பார்த்தார். பாறையைப் பார்க்கவில்லை. விரலை வைத்து இடப்பக்கத்திலிருந்து மாட்டை எண்ணிக்கொண்டு வந்தார். திரும்பவும் எண்ணினார்.

"எனக்கு ஒன்பது மாடு, தம்பி. இதிலை பத்து நிக்குது."

குனிந்து பார்த்தேன். சிவலைப் பசு. இரண்டாவது படத்தில் பாறையின் இடக்கோடியில் தலையைக் குனிந்து மேய்கிறது. முகிலுக்காக நான் காத்திருந்த நேரத்தில் வயலைக் குறுக்காக நடந்துபோய், ஐந்தாவது படத்தில் வலப்பக்கம் போய் நின்று எங்களைத் திரும்பிப் பார்க்கிறது. அதே சிவலை, அதே உடைந்த கொம்பு.

"மற்றதை நீங்களே வைச்சிருங்கோ" என்றார்.

மச்சானுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.